நேலப்பட்டு கூழைக்கடா ஏரி: எல்லை தாண்டிப் போய்வர முழுமையான வழிகாட்டி

நேலப்பட்டுக்கு நாள் குறிக்கும் முன் விசாரிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஏரியில் தண்ணீர் நிற்கிறதா? பொங்கல் விடுமுறை, பிள்ளைகளின் தேர்வு, நண்பர்களின் வசதி எல்லாம் அதற்குப் பிறகுதான். நவம்பரில் போங்கள், ஜனவரியில் போங்கள் என்று மாதத்தைச் சொல்லி அனுப்புவது எளிது. ஆனால் அங்கே கூடு கட்டும் கூழைக்கடாக்கள் (பெலிக்கன் பறவைகள்) மாதத்தைப் பார்த்து வருவதில்லை. கடப்ப மரங்களின் அடிமரம் தண்ணீரில் மூழ்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வருகின்றன.

சென்னையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் வடக்கே, கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் சூலூர்பேட்டையைத் தாண்டி, தொரவாரிசத்திரத்துக்கு அருகில் இருக்கிறது இந்தச் சரணாலயம். 1976இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 458.92 ஹெக்டேர். நீண்ட காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த பகுதி; 2022இல் ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. பழைய பலகைகளிலும் வரைபடங்களிலும் நெல்லூர் என்றே இருக்கும், குழம்ப வேண்டாம்.

ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை வட்டாரத்துக்காரர்களுக்கு இந்த எல்லை ஒரு சோதனைச்சாவடி, அவ்வளவுதான். கடைப்பலகை தெலுங்கில் இருக்கும், கடைக்காரர் தமிழில் விலை சொல்வார். ஏரிக்கரைக் குப்பங்களில் வீட்டுக்குள் தமிழும் சந்தையில் தெலுங்கும் புழங்கும். ஆகவே மொழி தெரியாதே என்ற தயக்கம் தேவையில்லை. தொரவாரிசத்திரத்துக்குள் நுழைந்த பிறகு தெலுங்கு கூடும். "நேலப்பட்டு பக்ஷுலு" என்றால் யாரும் கை காட்டி விடுவார்கள்.

இது என்ன மாதிரியான இடம்

சதுப்புநிலப் பூங்கா என்றதும் தண்ணீருக்கு மேலே நீளும் மரப்பலகைப் பாதையை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. அப்படிப்பட்ட நடை வேண்டுமென்றால் காக்கிநாடா அருகே உள்ள கோரிங்கா சரணாலயத்துக்குப் போக வேண்டும். அலையாத்திக் காட்டுக்குள் பலகைப் பாதையில் நடக்கலாம். நேலப்பட்டில் நடைபாதை என்பது முக்கியமாக ஏரியின் கரைதான். பார்வைக் கோபுரம் இருக்கிறது, தகவல் மையம் இருக்கிறது. ஆனால் இந்த இடத்தை உருவாக்கியது ஏரிக்கரைதான். மழைத்தண்ணீரைத் தேக்கி அதன் நடுவே ஒரு காட்டை நிற்க வைத்திருப்பது அதுவே.

ஏரிக்குள் நிற்பவை கடப்ப மரங்கள். செங்கடம்பு என்றும் சொல்வார்கள். வேடந்தாங்கல் போனவர்களுக்கு இவை தெரிந்த மரங்கள்தாம். அங்கும் ஏரிக்குள் நிற்பது இதே இனம். மாதக்கணக்கில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாலும் அழுகாது. கோடையில் ஏரி வற்றி வெடித்தாலும் பட்டுப்போகாது. சரம் சரமாகத் தொங்கும் சிவந்த பூக்கள் இரவில் விரிந்து, விடியும்போது உதிர்ந்து கிடக்கும்.

பறவைகள் இந்த மரத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அழகு அல்ல. அடியில் தண்ணீர் நிற்கும்வரை நரியும் நாயும் காட்டுப்பூனையும் மரத்தடிக்கு வர முடியாது. தண்ணீர் வடிந்த அன்று அந்த வேலி இல்லாமல் போகிறது. பருவத்தின் நடுவில் ஏரி வற்றினால் கூழைக்கடாக்கள் கூட்டைக் கைவிட்டுப் போய்விடக்கூடும். மழை பொய்த்த ஆண்டுகளில் இங்கே வந்து ஏமாந்து திரும்புவோர் சரணாலயத்தைத் திட்டுகிறார்கள். திட்டிப் பயனில்லை, வடகிழக்குப் பருவமழையைத்தான் கேட்க வேண்டும்.

எப்போது போவது

நல்ல மழை பெய்த ஆண்டில் நடப்பது ஏறக்குறைய இப்படி. அக்டோபரில் மழை தொடங்கி ஏரி நிரம்ப ஆரம்பிக்கும். கூழைக்கடாக்கள் வந்து மரங்களைப் பிடித்துக்கொள்ளும். நவம்பர், டிசம்பரில் சுள்ளி சேர்ப்பதும் கூடு கட்டுவதும் முட்டையிடுவதும் நடக்கும். ஒரு கூட்டுக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு முட்டை. பொரிக்க ஒரு மாதம் ஆகும். ஜனவரி, பிப்ரவரியில் குஞ்சுகளின் இரைச்சல். மார்ச் வாக்கில் வளர்ந்த குஞ்சுகள் சிறகடித்துப் பழகும், பிறகு கூட்டம் மெல்லக் கலையும்.

எனக்குப் பிடித்தது ஜனவரி பிற்பாதி முதல் பிப்ரவரி நடு வரை. குஞ்சுகள் பெரிதாகி, கூட்டில் எழுந்து நின்று தாயின் வாய்க்குள் தலையை நுழைத்து மீன் தேடும் காட்சி அப்போதுதான் கிடைக்கும். வலசை வந்த வாத்துகளும் அப்போது இருக்கும். பழவேற்காடு ஏரியிலும் தண்ணீர் குறைந்து பூநாரைகள் (ஃபிளமிங்கோ) அந்த ஏரியின் ஊடே போகும் ஸ்ரீஹரிகோட்டா சாலைக்கு அருகில் மேய வரும் காலம் அதுவே. கூடு கட்டுவதைப் பார்க்க விரும்புபவர்கள் டிசம்பரில் போகலாம். மழைக்கும் புயலுக்கும் தயாராகப் போக வேண்டும்.

பூநாரைத் திருவிழா என்று ஆந்திர அரசு சூலூர்பேட்டையை மையமாக வைத்து நடத்தும் விழா பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி வரும். கலை நிகழ்ச்சி, கண்காட்சி, இலவசப் பேருந்து என்று ஊரே களைகட்டும். குழந்தைகளோடு வேடிக்கை பார்க்கப் போகலாம். பறவை பார்க்க வேண்டுமென்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒலிபெருக்கியும் வரிசையும் இருக்கும் இடத்தில் நீங்கள் பார்க்கப்போவது முன்னால் நிற்பவரின் முதுகைத்தான்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சென்னையில் பறவை பார்க்கும் குழுக்கள் பல இருக்கின்றன, அவர்களில் யாராவது போய்வந்திருப்பார்கள். பறவை பார்ப்போர் தாங்கள் பார்த்ததைப் பதிவிடும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் நேலப்பட்டு என்று தேடினால் அண்மையில் யார் என்ன பார்த்தார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். கூழைக்கடா எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருந்தால் தண்ணீர் இருக்கிறது என்று பொருள்.

போகும் வழி

ரயிலில் போவது மலிவு. சென்னை சென்ட்ரல் புறநகர் நிலையத்திலிருந்து சூலூர்பேட்டைக்கு மின்சார ரயில்கள் உண்டு. கும்மிடிப்பூண்டிக்கு அடிக்கடி கிடைக்கும். அதைத் தாண்டிச் சூலூர்பேட்டை வரை போகும் ரயில்கள் குறைவு. ஆகவே முதல் நாளே நேரம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எளாவூர், ஆரம்பாக்கம், தடா, அக்கம்பேட்டை தாண்டிச் சூலூர்பேட்டை. விடியற்காலை ரயிலைப் பிடித்தால்தான் காலை வெயில் ஏறுவதற்குள் ஏரிக்கரையில் நிற்க முடியும். தொரவாரிசத்திரத்திலேயே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. நெல்லூர் பக்கம் போகும் பயணிகள் ரயில் அங்கே நிற்குமானால் இன்னும் நல்லது. ஆனால் அந்தச் சிறு நிலையத்தில் இறங்கினால் ஆட்டோவுக்குக் காத்திருக்க நேரலாம். சூலூர்பேட்டையில் இறங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

சூலூர்பேட்டையிலிருந்து நேலப்பட்டு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ஆட்டோவை ஒரு வழிக்குப் பேசாதீர்கள், திரும்பி வர வண்டி கிடைக்காது. அரை நாள் வாடகைக்கு, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். மாலையில் ஸ்ரீஹரிகோட்டா சாலைக்கும் போகப்போகிறீர்கள் என்றால் முழு நாளுக்கே பேசிவிடலாம். "அண்ணா, நேலப்பட்டு போய், அங்கே மூன்று மணி நேரம் நின்று, பிறகு ஸ்ரீஹரிகோட்டா சாலையில் அட்டக்கானிதிப்பா வரை போக வேண்டும், மொத்தமாக எவ்வளவு?" என்று தமிழிலேயே கேட்கலாம். மொத்தத் தொகையை முன்பே முடித்துக்கொள்ளாமல் ஏறுவது வம்பு.

பஸ் என்றால் மாதவரம் புறநகர்ப் பேருந்து நிலையத்திலிருந்து நெல்லூர் மார்க்கமாகப் போகும் ஆந்திர அரசுப் பேருந்துகளில் சூலூர்பேட்டைக்கு டிக்கெட் எடுக்கலாம். விரைவுப் பேருந்துகள் சில ஊருக்குள் வராமல் புறவழிச்சாலையில் இறக்கிவிடும். ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காரில் போவோருக்குச் செங்குன்றம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியே நேர் சாலை. காலை ஆறு மணிக்குள் செங்குன்றத்தைத் தாண்டிவிட்டால் லாரி நெரிசல் அதிகம் இருக்காது. திருப்பதியிலிருந்து வருவோர் காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாக வந்து தெற்கே திரும்ப வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்து வந்தாலும் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகும் சிறு சாலையில் வேகத்தைக் குறையுங்கள். நெல் காயப்போட்டிருப்பார்கள், மாடும் ஆடும் வரும்.

பையில் என்ன வேண்டும்

இருகண்நோக்கி (பைனாகுலர்) இல்லாமல் போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. கூழைக்கடா பெரிய பறவை, சிறகை விரித்தால் இரண்டரை மீட்டர் இருக்கும், வெறும் கண்ணாலேயே தெரியும். ஆனால் மேல் அலகின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் புள்ளிகள் தெரியாது, கூட்டுக்குள் நடப்பது தெரியாது, நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் வித்தியாசம் தெரியாது. எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் கண்ணாடி கொண்டது போதும். பத்து மடங்கு என்றால் கை நடுங்கும்போது படமும் நடுங்கும். வாங்க முடியாதவர்கள் இரவல் வாங்குங்கள். குடும்பத்துக்கு ஒன்று இருந்தால்கூட மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பழம் அல்லது பிஸ்கெட், கொசுவுக்குப் பூசும் களிம்பு, நுழைவுக் கட்டணத்துக்கும் கேமராக் கட்டணத்துக்கும் சில்லறை. உடை மண்ணிறம், பச்சை, சாம்பல் என்று அடங்கிய நிறத்தில் இருக்கட்டும். செருப்பு வேண்டாம், கரையிலும் முட்காட்டிலும் ஷூதான் சரி. குளிர்காலம்தானே என்று நினைத்து வெயிலை அலட்சியப்படுத்தாதீர்கள். பத்து மணிக்கு மேல் கரையில் நிழல் தேட வேண்டியிருக்கும்.

ட்ரோன் கொண்டுவர வேண்டாம். அறிவிக்கப்பட்ட சரணாலயத்தில் அனுமதியின்றி அதைப் பறக்கவிடுவது குற்றம் என்பது ஒரு பக்கம். தலைக்கு மேல் இரைச்சலோடு ஒன்று பறந்தால் கூட்டிலிருக்கும் பறவைகள் மொத்தமாக எழும்பும், அந்தச் சில நிமிடங்களில் காக்கை முட்டையைக் கொத்திப் போய்விடும் என்பது இன்னொரு பக்கம்.

கரையில் நடப்பது

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் நேராகப் பார்வைக் கோபுரத்துக்கு ஓடுவார்கள். ஓடட்டும். நீங்கள் கரையில் மெல்ல நடங்கள். முதல் அரை மணி நேரம் கேமராவை எடுக்காமல் இருந்து பாருங்கள். ஏரியில் எது எங்கே இருக்கிறது என்பது பிடிபட அவ்வளவு நேரம் வேண்டும்.

முதலில் தெரிவது வாடைதான். எச்சமும் மீனும் கலந்த நெடி. குழந்தைகள் மூக்கைப் பிடிப்பார்கள், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். அந்த எச்சம் கரைந்த தண்ணீர்தான் ஏரிக்குக் கீழே உள்ள வயல்களுக்குப் பாய்கிறது. பறவை வந்தால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது ஊராரின் கணக்கு. இந்தக் கணக்கு இருப்பதால்தான் இத்தனை நெருக்கத்தில் மனிதர்களும் கூழைக்கடாக்களும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு இருக்க முடிகிறது. சட்டத்தால் மட்டும் இது நடந்திருக்காது.

இங்கே கூடு கட்டுவது புள்ளியலகுக் கூழைக்கடா. இந்தியா, இலங்கை, கம்போடியா ஆகிய நாடுகளில் கூடு கட்டும் இனம். உலக அளவில் அழிவு அச்சுறுத்தலை நெருங்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. ஆந்திரத்தின் கொல்லேறு ஏரிப் பகுதியில் முன்பு பெரிய கூழைக்கடாக் குடியிருப்பு ஒன்று இருந்து மறைந்துபோனது. அந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு நேலப்பட்டின் மதிப்பு கூடுதலாகவே தெரியும். நம் பக்கம் கூந்தன்குளத்திலும் கர்நாடகத்தின் கொக்கரே பெள்ளூரிலும் இதே பறவை கூடு கட்டுகிறது.

ஒரு கூட்டைத் தேர்ந்தெடுத்துப் பதினைந்து நிமிடம் அதையே பாருங்கள். நூறு கூட்டை ஒரே நேரத்தில் பார்த்தால் எதையும் பார்த்ததாக ஆகாது. பெரிய பறவை வந்து இறங்கும்போது மரக்கிளை தாழ்ந்து எழும். குஞ்சுகள் சிறகடித்து, கழுத்தை நீட்டிக் கத்தும். தாயும் தந்தையும் மாறி மாறி வரும். குஞ்சு தன் தலை முழுவதையும் பெற்றோரின் தொண்டைக்குள் திணித்துவிடும். விழுங்கிவிட்டதோ என்று முதல் முறை பார்ப்பவருக்குத் தோன்றும். பிறகு தலையை வெளியே இழுத்து, அப்படியே சாய்ந்து கிடக்கும். வெயில் ஏறியதும் எல்லாப் பறவைகளும் வாயைத் திறந்து தொண்டைப் பையைப் படபடவென்று அதிரவிடும். அது பசி அல்ல, உடம்புச் சூட்டைத் தணிக்கும் வழி.

ஒன்பது மணிக்கு மேல் வானத்தையும் பாருங்கள். தரை சூடாகி வெப்பக்காற்று மேலெழும்பத் தொடங்கியதும் கூழைக்கடாக்கள் அதில் ஏறி, சிறகசைக்காமல் வட்டமிட்டு உயரும். அப்படியே பழவேற்காடு ஏரிப் பக்கமும் சுற்றிலுமுள்ள ஏரிகளுக்கும் மீன் பிடிக்கப் போகும். இவ்வளவு கனமான பறவை இவ்வளவு எளிதாகப் பறப்பது இன்னும் எனக்கு வியப்புதான்.

கூழைக்கடாவோடு அதே மரங்களில் நத்தைகுத்தி நாரை கூடு கட்டும். அதன் அலகின் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அலகு மூடியிருக்கும்போதும் அந்தச் சந்து வழியே வெளிச்சம் தெரியும். வயல் நத்தையை ஓட்டிலிருந்து உருவித் தின்பதற்கு ஏற்ற அலகு அது. வெள்ளை உடலும் கறுத்த மொட்டைத் தலையும் வளைந்த அலகுமாக இருப்பது அரிவாள்மூக்கன். இலை மறைவில் பகலெல்லாம் குந்திக்கொண்டு சிவந்த கண்ணால் பார்ப்பது வக்கா. பொழுது சாய்ந்ததும் இரை தேடக் கிளம்பும். சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்பவற்றின் அலகைக் கவனியுங்கள்: நுனி கொக்கிபோல் வளைந்திருந்தால் நீர்க்காகம், ஈட்டிபோல் நேராக இருந்தால் பாம்புத்தாரா. பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டும் வெளியே தெரியும், தண்ணீர்ப்பாம்பு என்று யாராவது கத்துவார்கள்.

திறந்த தண்ணீரில் மிதப்பவை வேறு கூட்டம். கறுத்த உடலும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக நாமக்கோழி. கூர்வால் கொண்ட ஊசிவால் வாத்து, தட்டையான பெரிய அலகை நீரில் தேய்த்துக்கொண்டே போகும் ஆண்டிவாத்து, நீலச்சிறகி ஆகியவை வடக்கே நெடுந்தொலைவிலிருந்து வலசை வருபவை. உள்ளூர்க்காரர்களாகப் புள்ளிமூக்கு வாத்தும் முக்குளிப்பானும் இருக்கும். முக்குளிப்பான் சின்னஞ்சிறியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கி வேறோர் இடத்தில் எழும். குழந்தைகளுக்கு அடுத்து எங்கே எழும் என்று பந்தயம் கட்ட ஏற்ற பறவை.

ஏறக்குறைய 190 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. ஒரே காலையில் நாற்பது வகை பார்த்தால் தொடக்கக்காரருக்கு அது நல்ல கணக்கு. எண்ணிக்கையைத் துரத்துவது சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.

கரையில் நடக்கையில் ஒழுங்குகள் அதிகம் இல்லை. கைதட்டாதீர்கள், பறவை பறப்பதைப் படமெடுக்கவென்று கல்லெறியாதீர்கள், தண்ணீருக்குள் இறங்காதீர்கள், பேச்சைத் தாழ்த்துங்கள். காவலர் எச்சரித்தால் வாதாடாமல் கேளுங்கள். தரையில் விழுந்து கிடக்கும் குஞ்சைக் கண்டால் தொடாமல் காவலரிடம் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கலாம் என்று யாராவது தொடங்கினால் அது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

முட்காட்டையும் பாருங்கள்

ஏரியைப் பார்த்த உடனே வண்டியேறிவிடுவது பெரும்பாலோர் வழக்கம். சரணாலயத்தின் பெரும்பகுதி ஏரி அல்ல, அதைச் சுற்றியுள்ள உலர் பசுமைமாறாக் காடு. உலக்கைப் பாலை, காசான் போன்ற மரங்களும் முட்புதர்களும் அடர்ந்தது. ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையெங்கும் இருந்த காட்டின் மிச்சம் இது. நம் பக்கத்தில் பெரும்பாலும் கோயில் காடுகளில் துண்டு துண்டாகத் தப்பியிருக்கிறது. அனுமதிக்கப்பட்ட பாதையில் ஓர் அரை மணி நேரம் நடந்தால் செம்போத்து, மாங்குயில், தவிட்டுக்குருவி எல்லாம் கிடைக்கும். பாதையை விட்டு விலகாதீர்கள். பாம்பு இருக்கும் இடம்.

சாப்பாடும் மற்ற வசதிகளும்

சரணாலய வாசலில் உணவகத்தை எதிர்பார்க்காதீர்கள். காலைச் சிற்றுண்டியைச் சூலூர்பேட்டையிலேயே முடித்துக்கொண்டு, கழிப்பறையும் அங்கேயே போய்விட்டுக் கிளம்புங்கள். பெண்களும் முதியவர்களும் உடன் வந்தால் இது முக்கியம். மதியம் சூலூர்பேட்டைக்கோ நாயுடுபேட்டைக்கோ வந்து ஆந்திரச் சாப்பாடு சாப்பிடலாம். பருப்புப்பொடியும் நெய்யும் கோங்குராவும் வந்த பிறகுதான் சாம்பார் வரும், அவசரப்படாதீர்கள். மீன் சாப்பிடுபவர்கள் புளிப்பும் காரமும் தூக்கலான நெல்லூர்ப் பக்கத்து மீன் புளுசைக் கேட்டு வாங்குங்கள். காரம் தாங்காத குழந்தைக்குத் தயிர் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் கோபுரம் ஏற வேண்டியதில்லை, கரையிலிருந்தே நன்றாகத் தெரியும். குழந்தைகளுக்கு இரண்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் அவர்களை நிறுத்தி வைத்தால் அவர்களும் சலித்துப்போவார்கள், உங்கள் காலைப்பொழுதும் கெடும்.

பிற்பகல்: ஏரியைக் கிழித்துப் போகும் சாலை

நேலப்பட்டை மட்டும் பார்த்துத் திரும்புவது பாதி வேலை. இங்கே கூடு கட்டும் கூழைக்கடா இரை தேடுவது பழவேற்காடு ஏரியில். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அது. பெயர் தமிழ்நாட்டு ஊருடையது என்றாலும் பரப்பில் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. சூலூர்பேட்டையிலிருந்து கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை அந்த ஏரியின் ஊடாகவே போகிறது. விண்வெளி மையத்துக்காகப் போடப்பட்ட சாலை. இருபுறமும் தண்ணீர், அல்லது பருவத்தைப் பொறுத்து இருபுறமும் சேறு.

மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள். வண்டியை மெல்ல ஓட்டி, பூநாரைக் கூட்டம் தெரிந்தால் ஓரமாக நிறுத்துங்கள். இங்கே ஒரு சின்னச் சூட்சுமம். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். ஆகவே சாலைக்கு வடக்கே நிற்கும் பறவைகள்மீது வெளிச்சம் நேராக விழும், இளஞ்சிவப்பு நன்றாகத் தெரியும். தெற்கே நிற்பவை கண்கூச்சத்தில் வெறும் நிழலுருவாகத் தெரியும். இரண்டு பக்கமும் பறவைகள் இருந்தால் வடக்கைப் பாருங்கள்.

பூநாரை தலையைக் கவிழ்த்து வைத்து மேயும். நாக்கைப் பம்புபோல் இயக்கிச் சேற்றுநீரை இழுத்து, அலகின் ஓரத்து மெல்லிய தகடுகளால் சலித்து, சிற்றுயிர்களை மட்டும் வைத்துக்கொண்டு நீரை வெளியேற்றும். அந்த உணவிலுள்ள நிறமிதான் அதன் சிறகுக்குச் சிவப்பைத் தருகிறது. நிறமே இல்லாமல் சாம்பலாக நிற்பவை இளம்பறவைகள். கூட்டமாக எழும்பும்போது சிறகுக்கு அடியிலுள்ள சிவப்பும் கறுப்பும் ஒரே நேரத்தில் விரியும். அதைப் படமெடுக்க ஆசைப்பட்டு சேற்றில் இறங்கி விரட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மேய்ச்சலை விட்டு எழும்பும் ஒவ்வொரு முறையும் அந்தப் பறவை தின்றதைச் செலவழிக்கிறது. சேறும் ஏமாற்றும், மேலே காய்ந்து தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும்.

பூநாரை தவிர நெடுங்கால் உள்ளான், சாம்பல் நாரை, கரண்டிவாயன், சங்குவளை நாரை, ஆலா, செம்பருந்து எல்லாம் இந்தச் சாலையில் பார்க்கலாம். வழியில் அட்டக்கானிதிப்பாவில் வனத்துறையின் தகவல் மையம் இருக்கிறது. சாலையின் மறுமுனையில் விண்வெளி மையத்தின் பாதுகாப்பு வாயில். அனுமதிச்சீட்டு இல்லாமல் அதைத் தாண்ட முடியாது. ராக்கெட் ஏவும் நாளில் இந்தச் சாலையில் கெடுபிடி அதிகம், கூட்டமும் அதிகம். இஸ்ரோவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

கோடையில் சாலைக்கு வடக்கே உள்ள பகுதி காய்ந்து வெடித்துக் கிடக்கும். ஏப்ரலில் வந்து பூநாரை எங்கே என்று கேட்பவர்களுக்கு ஆட்டோக்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள்.

படகில் போக ஆசை இருந்தால் தடாவுக்குக் கிழக்கே பீமுனிவாரிபாளையம் ஏரிக்கரையில் படகுத்துறை உண்டு. காற்று பலமாக இருக்கும் நாளில் வேண்டாம். உயிர்காப்பு உடை தராத படகில் ஏறவே வேண்டாம். பழவேற்காடு ஊரையும் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளையும் அதே நாளில் சேர்த்துவிடலாம் என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். ஏரி ஒன்றுதான் என்றாலும் அது தெற்கு முனை. சாலை வழியே பொன்னேரி பக்கம் சுற்றி வர வேண்டும். அதற்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.

திரும்பும் நேரம்

சூலூர்பேட்டையில் காலங்கி ஆற்றங்கரையில் செங்காளம்மன் கோயில் இருக்கிறது. இரவிலும் நடை சாத்தாத கோயில் என்பதால் சாலையிலிருந்து எந்த நேரத்தில் திரும்பினாலும் போய்க் கும்பிடலாம். தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பேர் வருவார்கள். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு ஆட்டோவில் சில நிமிடம்தான்.

சென்னைக்குத் திரும்பும் மாலை ரயிலைக் காலையில் இறங்கும்போதே நிலையத்தில் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே ஏரிச்சாலையிலிருந்து கிளம்பிவிடுங்கள். ரயிலைத் தவறவிட்டால் நெடுஞ்சாலைக்கு வந்து நெல்லூரிலிருந்து வரும் பஸ்ஸைப் பிடிக்கலாம்; இடம் கிடைப்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. ஞாயிறு மாலையில் நின்றுகொண்டே வர மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.